பஞ்சடைத்த ஆங்கிலம்

நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. ஆங்கிலக் கட்டுரையில் போடுவதற்கென்றே சேர்த்து வைக்கும் அரிய சொற்களை அவர்கள் 'பொம்பாஸ்டிக் வோர்ட்ஸ்' என்பார்கள். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் இந்தச் சொற்பட்டியல்கள் புலனக் குழுக்களில் சுற்றி வரும். டியூஷன் வகுப்புகளில் நகலெடுத்துக் கையில் கொடுப்பார்கள். 'மெனி' என்று எழுதாதே, 'பிளெதோரா' என்று எழுது. 'யூஸ்' வேண்டாம், 'யுடிலைஸ்' போடு. எங்கும் இருப்பதைச் சொல்ல வேண்டுமா? 'யுபிக்விட்டஸ்' இருக்கவே இருக்கிறது. பிள்ளை நூறு சொற்களை மனப்பாடம் செய்துவிட்டான் என்றால் பெற்றோருக்கும் மனநிறைவு.

ஆனால், இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் போய் "உங்கள் பேச்சு பொம்பாஸ்டிக்காக இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். அந்தச் சொல் அங்கே பாராட்டு அல்ல, பழி. உள்ளே சரக்கில்லாமல் வெளியே ஊதிப் பெருத்த பேச்சு என்று பொருள். அதன் பிறப்பும் சுவையானது. 'பொம்பாஸ்ட்' என்றால் முதலில் பஞ்சு. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்களின் மேலாடைக்குள் பஞ்சடைத்து, நெஞ்சையும் தோளையும் எடுப்பாகக் காட்டுவது நாகரிகமாக இருந்தது. அந்த அடைப்புப் பஞ்சின் பெயர்தான் நாளடைவில் வெற்றுப் பேச்சுக்கும் ஒட்டிக்கொண்டது. இலவ மரத்துக்குத் தாவரவியலார் வைத்திருக்கும் 'பொம்பாக்ஸ்' என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் கெகாபு என்கிறோமே, அதுவும் இலவத்துக்கு நெருங்கிய உறவு. அந்தப் பஞ்சுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கபோக்' என்ற சொல் 'காப்போக்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து போனது. பழம் பழுக்கும் என்று இலவு காத்த கிளிக்குக் கடைசியில் கிடைத்ததும் பஞ்சுதானே.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அரிய சொற்களே வேண்டாமா? எளிய ஆங்கிலமே போதுமா?" என்று கேட்டால், போதாது என்பதே என் பதில். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள் சி.இ.எஃப்.ஆர். எனப்படும் ஐரோப்பிய அளவுகோலை ஒட்டித் திருத்தப்படுகிறது. கட்டுரையை உள்ளடக்கம், தொடர்புறுத்தும் திறன், ஒழுங்கமைப்பு, மொழி என்று நான்கு கண்களால் பார்க்கிறார்கள். மொழி என்ற பிரிவின் மேல்படியில், அவ்வளவாக வழக்கில் இல்லாத சொற்களையும் மாணவர் பயன்படுத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆனால் அதே வரியில் 'பொருத்தமாக' என்ற சொல்லும் இருக்கிறது. நம் பட்டியல்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன. பட்டியலில் சொல்லும் பொருளும் இருக்கும். அந்தச் சொல் எங்கே உட்காரும், எங்கே உட்காராது என்பது இருக்காது.

பொருத்தமில்லாத பெரிய சொல் வெறுமனே வீணாகப் போவதோடு நிற்பதில்லை, எழுதியவரையே கீழே இறக்கிவிடுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் இருந்த சாதாரணச் சொற்களை நீக்கிவிட்டு, அதே பொருள் தரும் நீளமான சொற்களை அகராதியிலிருந்து பொறுக்கிப் போட்டார். இரண்டு வடிவங்களையும் வெவ்வேறு ஆட்களிடம் படிக்கக் கொடுத்தார். சொற்கள் பெருக்கப் பெருக்க, இவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மனம் படித்தவர்களுக்குக் குறைந்தது. எழுதியவரின் அறிவைப் பற்றிய மதிப்பும் சரிந்தது. இந்த ஆய்வுக் கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பிலேயே வேண்டுமென்று கடினச் சொற்களாக அடுக்கி வைத்திருந்தார். 2006-இல் அதற்கு 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. சிரிக்கவும் வைத்து, பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் தரும் பரிசு அது. வேலைக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் இந்தச் சோதனையை நினைவில் வைப்பது நல்லது. அந்தக் கடிதத்தைப் படிப்பவர் மதிப்பெண் போடும் ஆசிரியர் அல்லர். பொறுமையும் குறைவு.

பட்டியலில் முதலிடம் பிடிக்கும் 'பிளெதோரா'வையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் நிறைவு, நிரம்பி வழிதல் என்று பொருள் தரும் சொல் அது. ஆங்கிலத்துக்கு வந்தபோது மருத்துவச் சொல்லாக வந்தது. உடம்பில் ரத்தம் மிகுந்து போகும் நோய்க்கு அது பெயர். ஆகவே அந்தச் சொல்லுக்குள் 'அளவுக்கு மிஞ்சியது' என்ற குறிப்பு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெறும் 'ஏராளம்' என்ற பொருளிலும் இன்று பலர் எழுதுகிறார்கள், அகராதிகளும் இடம் கொடுத்துவிட்டன. இருந்தாலும், 'என் பள்ளியில் பிளெதோரா ஆஃப் நல்லாசிரியர்கள்' என்று ஒருவர் எழுதினால், ஆசிரியர்கள் தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறார்களோ என்று நுட்பமான வாசகர் ஒரு நொடி தயங்குவார். 'ஒரு சிறு கடன் வாங்க பிளெதோரா ஆஃப் பாரங்களை நிரப்ப வேண்டியிருந்தது' என்று எழுதிப் பாருங்கள். சலிப்பும் சேர்ந்து வந்துவிடும். அங்கே 'மெனி' அந்த வேலையைச் செய்யாது.

இந்த 'எங்கே உட்காரும்' என்ற பாடம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தமிழ்ப்பள்ளியில் மரபுச்சொல் படித்திருக்கிறார்கள். மாவுக்கும் வாழைக்கும் இலை, தென்னைக்கும் பனைக்கும் ஓலை, தாழைக்கு மடல், நெல்லுக்குத் தாள். நாய் குரைக்கும், குதிரை கனைக்கும், யானை பிளிறும். 'தென்னை இலை' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு கிழிப்பார். பொருள் புரிகிறதே என்று வாதாட முடியாது, மரபு அதுவல்ல. இளம் உயிர்களுக்கு எந்த விலங்குக்கு எந்தப் பெயர் என்று தொல்காப்பியர் மரபியலில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு மரபியல் உண்டு. ஆனால் பள்ளியில் அதைத் தனிப் பாடமாக யாரும் நடத்துவதில்லை.

'குறைத்தல்' என்ற பொருளில் பட்டியல்கள் இரண்டு சொற்களைக் கொடுக்கும். 'அலீவியேட்', 'மிட்டிகேட்'. இரண்டும் ஒன்று என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். 'அலீவியேட்' வலியோடும் வறுமையோடும் துன்பத்தோடும் சேரும். அனுபவித்துக்கொண்டிருக்கும் கஷ்டத்தின் கனத்தைக் குறைப்பது அது. அதன் லத்தீன் வேரே 'கனமில்லாத' என்பதுதான். 'மிட்டிகேட்' அபாயத்தோடும் பாதிப்போடும் சேரும். நேர இருப்பதன் கடுமையைத் தணிப்பது அதன் வேலை. வெள்ளத் தடுப்பு வேலைகளுக்கு நம் நாட்டு அறிவிப்புப் பலகைகளில் 'ஃபிளட் மிட்டிகேஷன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 'அலீவியேஷன்' என்று போட்டாலும் இங்கிலாந்தில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தலைவலி மாத்திரை தலைவலியை 'மிட்டிகேட்' செய்கிறது என்று எழுதினால் தென்னை இலை கதைதான். ஆகவே ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது, அது எந்தச் சொல்லோடு கைகோத்து வந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். தனிச் சொல்லாக எழுதாதீர்கள். இரண்டு மூன்று சொல் கொண்ட தொடராக எழுதுங்கள்.

முகத்தைப் பார்த்து ஏமாறும் சொற்களும் உண்டு. 'நாய்சம்' என்ற சொல்லைப் பார்த்தால் 'நாய்ஸ்' நினைவுக்கு வரும். சத்தத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. துர்நாற்றம் வீசுகிற, அருவருப்பான என்பது பொருள். 'டிஸ்இன்டரஸ்டட்' என்பதை ஆர்வமில்லாத என்ற பொருளில் பலர் எழுதுகிறார்கள். தனக்கென்று லாப நட்டம் ஏதும் இல்லாத, நடுநிலையான என்ற பொருள்தான் அதை வைத்திருப்பதற்குக் காரணம். ஆர்வமின்மைக்கு 'அன்இன்டரஸ்டட்' தனியாக இருக்கிறது. நீதிபதி முன்னதாக இருக்க வேண்டும், பின்னதாக இருந்தால் ஆபத்து. 'ஃபுல்சம்' பாராட்டு என்றால் நிறைவான பாராட்டு என்று எண்ணி நன்றிக் கடிதங்களில் போடுகிறார்கள். குமட்டும் அளவுக்கு மிகைப்படுத்திய புகழ்ச்சி என்று அதைப் படிப்பவர்கள் ஏராளம். இந்த மாதிரி இரண்டு பக்கமும் வெட்டும் சொல்லைத் தொடாமல் இருப்பதே மேல்.

இன்னொன்று 'எக்ரீஜியஸ்'. எழுத்துக் கூட்டல் ஈ, ஜி, ஆர், ஈ, ஜி, ஐ, ஓ, யூ, எஸ். லத்தீனில் 'மந்தையிலிருந்து வெளியே நிற்பது' என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் கூட்டத்தில் தனித்து ஒளிரும் சிறந்த மனிதரைக் குறித்தது. பிறகு தலைகீழாகி, கண்ணை உறுத்தும் அளவுக்கு மோசமான தவற்றைக் குறிக்கத் தொடங்கியது. இன்று 'எக்ரீஜியஸ் எரர்' என்றால் மன்னிக்க முடியாத பிழை. நமக்கு இது ஆச்சரியமாக இருக்கத் தேவையில்லை. 'நாற்றம்' என்ற சொல் சங்க காலத்தில் பூவின் மணத்தைக் குறித்தது. இன்று அதே சொல்லைச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஆனால் 'எக்ரீஜியஸ்' என்ற சொல்லால் வேறொரு லாபம் உண்டு. மந்தையைக் குறிக்கும் அந்த லத்தீன் வேர் 'கிரெக்ஸ்'. அது தெரிந்துவிட்டால் ஒரு குடும்பமே வாசலுக்கு வந்துவிடும். மந்தையோடு சேர்ந்திருக்க விரும்புகிறவர் 'கிரிகேரியஸ்', நாலு பேரோடு கலகலப்பாகப் பழகுகிறவர். மந்தையை ஒன்றாகக் கூட்டினால் 'காங்கிரிகேட்'. தேவாலயத்தில் கூடும் சபைக்கு 'காங்கிரிகேஷன்' என்ற பெயர் அதனால்தான். மந்தையிலிருந்து பிரித்து ஒதுக்கினால் 'செக்ரிகேட்'. குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லும் அறிவிப்புகளிலும், நிறவெறி வரலாற்றிலும் அது வரும். பலவற்றையும் மந்தையோடு சேர்த்து மொத்தமாக்கினால் 'அக்ரிகேட்'. ஐந்து சொற்களையும் ஐந்து வரிகளாக மனப்பாடம் செய்தால் ஐந்து நாள் நிற்கும். ஒரு மாட்டு மந்தையாக மனத்தில் ஓட்டிப் பாருங்கள், போகாது. நார்மன் லூயிஸ் என்ற அமெரிக்கர் 1949-இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈசி' என்ற நூல் இந்த முறையில் அமைந்ததுதான். எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் மலிவு விலைப் பதிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. கட்டணம் கட்டி வாங்கும் சொற்பட்டியல்களைவிட அதை வாங்கிப் போடலாம் என்பது என் கருத்து.

இங்கே நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. அதை யாரும் அவர்களிடம் சொல்வதாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் 'உயர்நிலைச் சொல்' என்று அஞ்சுகிற பலவற்றை அவர்கள் மலாய்மொழியில் ஏற்கெனவே தினமும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். செஜாரா பாடநூலைத் திறந்தால் 'எக்ஸ்பிளோய்த்தாசி', 'மொனோபோலி', 'பிரோக்ராசி', 'நேஷனலிஸ்மே'. மலாய்ச் செய்தியைத் திறந்தால் 'ஸ்பெக்குலாசி', 'இம்பிளிகாசி', 'டிஸ்கிரிமினாசி'. கடைசியில் வரும் 'சி'யை 'ஷன்' என்று மாற்றுங்கள், ஆங்கிலம் கையில் வந்துவிடும். 'இஸ்மே' என்பது 'இஸம்' ஆகும். 'இத்தி' என்று முடிவது 'இட்டி' ஆகும், 'இன்தெக்ரித்தி' என்பது 'இன்டெக்ரிட்டி' ஆவதைப் போல. 'ட்ராஸ்தீக்', 'குரோனிக்', 'ஸ்போராடிக்' எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே. கோவிட் காலத்தில் சுகாதார அமைச்சின் அறிக்கைகளில் 'கேஸ் ஸ்போராடிக்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. விதை தூவியதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக என்று அர்த்தம். கிரேக்கத்தில் 'ஸ்போரா' என்றால் விதைப்பு. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி நாடு 'எண்டெமிக்' கட்டத்துக்கு மாறியபோது அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாத பாட்டிமாரே இல்லை. ஆங்கிலக் கட்டுரையில் அதை எழுத ஏன் தயங்க வேண்டும்?

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மலாயில் இருப்பதெல்லாம் ஆங்கிலத்தில் அதே பொருளில் இருக்காது. 'பிரெஸ்தாசி' என்றால் நமக்கு அடைவுநிலை. அது டச்சு வழியாக வந்த சொல். ஆங்கிலத்தில் அதற்கு 'பெர்ஃபார்மன்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். 'பிரெஸ்டேஷன்' என்று உருவாக்கினால் திருத்துபவர் விழிப்பார். அதேபோல, போக்குவரத்துக் குற்றத்துக்கு 'கம்பவுண்ட்' கிடைத்தது என்று நாம் சொல்வது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்தான் புரியும். லண்டனில் 'ஃபைன்' என்று சொல்ல வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள வளாகத்துக்கு 'கம்பவுண்ட்' என்கிறோமே, அது வேறு சொல். நம் 'கம்போங்'கிலிருந்து போனது என்பதே சொல்லாய்வாளர் பலரின் கருத்து.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்ற கேள்விக்கும் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில நாவலையும் நாளிதழையும் தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். தடையின்றி என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம் என்ற கணக்கு. 'ஹேப்பி', 'ஹேப்பினஸ்', 'அன்ஹேப்பி' எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதே நாட்டைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் ஒரு பட்டியல் தயாரித்தார். உயர்கல்வி நூல்களில் துறை வேறுபாடின்றித் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் இருக்கின்றன. கல்வி நூல்களின் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவைதாம். அந்தப் பட்டியலில் 'ஹைப்போதிசிஸ்', 'பாரடைம்', 'ஐடியாலஜி', 'ஃபினாமினன்', 'இன்னொவேட்' எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஓர் இரட்டைப் பிறவி இருப்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் போகப்போகும் பிள்ளை 'யுபிக்விட்டஸ்' படிக்கும் முன் இந்த 570-ஐ முடிப்பது நல்லது.

அதற்கு மேல் போகிறவர்களுக்குத்தான் உண்மையான அரிய சொற்கள். அரிய சொல்லைத் தேடிப் போக வேண்டிய காரணம் ஒன்றே ஒன்றுதான். சாதாரணச் சொல்லால் பிடிக்க முடியாத ஒன்றை அது பிடிக்க வேண்டும். குறைவாகப் பேசுகிறவர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்திலும் இவர்கள் இருப்பார்கள். ஒரு பெரியப்பா இருப்பார். கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் நாலு வார்த்தை வராது. கோபம் இல்லை, அவர் சுபாவம் அப்படி. அவர் 'டாசிட்டர்ன்'. ஒரு மாமா இருப்பார். மற்றதெல்லாம் பேசுவார். தோட்டத்தை விட்டு வந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். சொல்ல இருக்கிறது, சொல்ல மனமில்லை. அவர் 'ரெட்டிசன்ட்'. ஒரு பாட்டி இருப்பார். பேசுவது ஒரே ஒரு சொல். கேட்டவன் அடுத்த வாரம்வரை யோசிப்பான். அவர் 'லக்கோனிக்'.

இந்தக் கடைசிச் சொல் ஓர் ஊர்ப் பெயர். கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா நகரம் இருந்த வட்டாரம் லக்கோனியா. அங்கிருந்தவர்கள் சுருங்கப் பேசுவதில் பேர்போனவர்கள். மாசிடோனிய மன்னன் பிலிப்பு, உங்கள் நாட்டுக்குள் படையோடு நுழைந்தால் ஊரையே தரைமட்டமாக்குவேன் என்று மிரட்டி ஆள் அனுப்பினானாம். ஸ்பார்ட்டாக்காரர்கள் 'இஃப்' என்ற பொருள் தரும் ஒற்றைச் சொல்லைப் பதிலாக எழுதி அனுப்பினார்கள் என்று பழைய கதை. தமிழில் அதற்குத் தனிச் சொல்கூட வேண்டாம். 'நுழைந்தால்' என்பதில் உள்ள 'ஆல்' போதும்.

மூன்று பேரையும் 'குவாயட்' என்று எழுதலாம், பிழையில்லை. ஆனால் மாமாவின் மௌனத்துக்கும் பெரியப்பாவின் மௌனத்துக்கும் உள்ள தூரம் அதில் போய்விடும். ஒரு தலைமையாசிரியர் தம் மாணவிக்கு நற்சான்றுக் கடிதம் எழுதும்போது 'டாசிட்டர்ன்' என்று போடுவதா, 'ரெட்டிசன்ட்' என்று போடுவதா என்பது சின்ன விஷயமல்ல. முதலாவதைப் படிப்பவர், இந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசமாட்டாளோ என்று நினைக்கலாம். இரண்டாவது, அடக்கமானவள், எதையும் யோசித்துச் சொல்கிறவள் என்ற எண்ணத்துக்கு இடம் தரும்.

சொற்களுக்குச் சுபாவம் மட்டுமல்ல, காயப்படுத்தும் கூர்மையும் உண்டு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை எண்ணிப் பெருமைப்படுவது நமக்கு வழக்கம். கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' சூப் ஆயிற்று. மாணிக்கமும் நீலக்கல்லும் எந்தக் கனிமமோ அந்தக் குருந்தம் 'கொரண்டம்' ஆயிற்று. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' மட்டும் காசிலிருந்து வந்ததல்ல. பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழியில் வந்தது. நம் காசிலிருந்து போனது, ஆசிய நாடுகளின் சிறு நாணயங்களுக்கு ஆங்கிலேயர் வழங்கிய இன்னொரு 'கேஷ்'. இந்தப் பெருமைப் பட்டியலில் ஒரு சொல்லை நாம் மெல்ல விழுங்கிவிடுகிறோம். 'பரையா'. பறை முழக்கிய ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலம் வழங்குகிறது. உலக நாடுகள் ஒதுக்கிய அரசை 'பரையா ஸ்டேட்' என்று ஆங்கில நாளிதழ்கள் இன்றும் தலைப்பிடுகின்றன. இந்தச் சொல் இங்கே எவ்வளவு புண்படுத்தும் என்பது 2011-இல் 'இன்டர்லோக்' நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலாக வந்தபோது நாடே பார்த்தது. உயர்நிலைச் சொல் என்று பட்டியலில் இருந்தாலும் நம் பிள்ளைகள் இதை எழுத வேண்டியதில்லை என்பேன். பொருள் தெரிந்திருக்க வேண்டும், அது வேறு.

அதற்கு மாற்றும் இருக்கிறது. 'ஆஸ்ட்ரசைஸ்'. பழைய ஏதென்ஸ் நகரில் ஆபத்தானவர் என்று மக்கள் கருதும் ஒருவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். வாக்கில் தோற்றவர் பத்து ஆண்டுகள் ஊரை விட்டு வெளியேற வேண்டும். அந்த ஓட்டுக்குப் பெயர் 'ஆஸ்ட்ரகான்'. சோழர் காலத்து உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே ஆளை உள்ளே கொண்டுவரக் குடம். இங்கே ஆளை வெளியே அனுப்பக் குடத்தின் ஓடு. பள்ளியில் சக மாணவர்கள் ஒரு பிள்ளையோடு பேசாமல் ஒதுக்கிவைக்கும் கொடுமையைப் பற்றிக் கட்டுரை வந்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

உச்சரிப்பைப் பற்றி இரண்டு வரி. கண்ணால் மட்டும் கற்ற சொல் வாய்மொழித் தேர்வில் காலை வாரிவிடும். மிகைப்படுத்தலைக் குறிக்கும் சொல்லை 'ஹைப்பர்போல்' என்று படிக்கத் தோன்றும், அது 'ஹைபர்பலி'. 'எபிடோம்' அல்ல, 'எபிட்டமி'. ஏ, டபிள்யூ, ஆர், ஒய் என்று எழுதும் சொல் 'ஆரி' அல்ல, 'அரை', கோணலாகிப் போன என்று பொருள். எழுதியபடியே படிக்கும் மொழியில் வளர்ந்த நமக்கு ஆங்கிலம் செய்யும் இந்தத் துரோகம் பழகுவதற்கு நாளாகும். கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் சொல்லிக் கொடுக்கும், தட்டுங்கள்.

நினைவில் நிறுத்துவதற்குப் பழைய வழியே சிறந்த வழி. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தம் மறதியைத் தாமே அளந்து பார்த்து எழுதினார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே நழுவிவிடுகிறது. ஆனால் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி பார்த்தால் நழுவும் வேகம் குறைகிறது. இதை வைத்து செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் ஓர் அட்டைப்பெட்டி முறையைப் பரப்பினார். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று அட்டைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதை இன்னும் நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். செயலிகள் இன்று இதையே செய்கின்றன. நான் பழைய பிஸ்கட் டின்னையும் வெட்டிய மணிலா அட்டையையும் பரிந்துரைப்பேன். கையால் எழுதும்போது பொருளுக்குப் பதிலாகச் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். உங்கள் வீடு, உங்கள் தெரு, உங்கள் பெரியப்பா அதில் வரட்டும். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். நூறு சொல் பட்டியலை வைத்திருக்கும் நண்பனைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

இந்த வாரப் பயிற்சி இது. கீழே உள்ள நான்கில் ஒன்று மட்டும் சரி. புக்கிட் ஜாலில் அரங்கம் ரசிகர்களின் ஆரவாரத்தால் 'நாய்சம்' ஆக இருந்தது. ஆட்டத்தை நடத்திய நடுவர் எந்தக் குழுவுக்கும் சாயாமல் 'டிஸ்இன்டரஸ்டட்' ஆக இருந்தார். 'எக்ரீஜியஸ்' ஆன மாணவிக்குப் பள்ளி தங்கப் பதக்கம் வழங்கியது. எல்லோரோடும் கலகலப்பாகப் பழகும் என் தம்பி மிகவும் 'டாசிட்டர்ன்'. சரியானதைக் கண்டுபிடித்து, மற்ற மூன்றிலும் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் எதைப் போடலாம் என்றும் எழுதி அனுப்புங்கள். விடை அடுத்த வாரம்.